கம்பளி கட்டிய ஊர்கள்



இங்கிலாந்து என்ற சொல்லைக் கேட்டதும் தமிழறிந்தவர் மனத்தில் எழும் படம் பெரும்பாலும் இலண்டன் மாநகரின் படமே. தேம்ஸ் ஆறும் நாடாளுமன்றக் கோபுரமும் பிரித்தானிய அருங்காட்சியகமும் கண்டவர், ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டையும் எட்டிப் பார்த்துவிட்டால் இங்கிலாந்து முழுவதையும் கண்டுவிட்டதாகக் கருதித் திரும்பிவிடுகின்றனர். அந்த ஸ்ட்ராட்ஃபோர்டுக்குத் தெற்கே ஏறத்தாழப் பன்னிரண்டு கல் தொலைவில் ஒரு குன்றுநாடு தொடங்குகிறது. காட்ஸ்வோல்டு என்பது அதன் பெயர். ஆங்கிலேயர் தம் நாட்டை எண்ணி ஏங்கும்பொழுது அவர்கள் நெஞ்சில் தோன்றும் ஊர் இக்குன்றுகளின் மடியில் கிடக்கும் ஊர்களுள் ஒன்றாகவே இருக்கும்.

இவ்வூர்களைக் காண்பதற்கு அந்நாட்டினர் கைக்கொள்ளும் முறை தனித்தன்மை வாய்ந்தது. விடுதி மாறி விடுதியாக அலைவதில்லை. சிற்றூர் ஒன்றில் ஒரு குடிலை ஒரு வாரத்திற்கோ இரண்டு வாரத்திற்கோ வாடகைக்கு எடுத்துக்கொள்வர். காலையில் புறப்பட்டு ஒரு சந்தைப்பேட்டையைப் பார்ப்பர். பிற்பகலில் வயல்வரப்பு வழியே நடப்பர். மாலையில் குடிலுக்குத் திரும்பிக் கணப்பின் அருகே அமர்வர். அவ்வாறு தங்குவதற்கு இக்குன்றுநாட்டில் நூறு ஊர்கள் உண்டு. எனினும் தமிழர் ஒருவர் தங்குவதாயின் பிராட் காம்ப்டன் என்னும் சிற்றூரைத் தேர்ந்துகொள்வதற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. அது பின்னர் வரும். முதலில் மண்ணையும் கல்லையும் பார்க்கவேண்டும்.

ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக் கல்லே இக்குன்றுகள். உடைத்துப் பார்த்தால் மீன்முட்டை போன்ற நுண்ணிய உருண்டைகள் செறிந்திருக்கும். வடபகுதியில் தேன்நிறம், தெற்கே செல்லச் செல்ல வெளிர்நிறம். வீட்டுச் சுவரும் அக்கல்லே. கூரையும் அக்கல்லைப் பிளந்த பலகைகளே. வயல்களைப் பிரிக்கும் வேலியும் சாந்தின்றி அடுக்கிய அக்கல்லே. கூரையில் கற்பலகைகளை அடுக்குவதற்கு ஒரு முறை உண்டு. தாழ்வாரத்தின் ஓரத்தில் பெரிய பலகைகள், மேலே போகப் போகச் சிறியவை, முகட்டில் கையகலப் பலகைகள். மழைநீர் மிகுதியாக ஓடும் இடத்தில் இணைப்புகள் குறைவாக இருக்கவேண்டும் என்ற எளிய அறிவே இதற்கு அடிப்படை. அழகு என்று வருபவர் வியப்பது பெரும்பாலும் அறிவுடைமையின் விளைவுதான். 1966ஆம் ஆண்டில் அரசு இந்நிலப்பரப்பைச் சிறப்பான இயற்கையழகு வாய்ந்த பகுதி என அறிவித்தது. ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் பரந்த இதில் ஒரு வீட்டின் சன்னலை மாற்றுவதற்குக்கூட இன்று பல இடங்களில் உள்ளாட்சியின் ஒப்புதல் வேண்டும்.

இக்கல்லை ஊராக மாற்றியது ஆட்டுக் கம்பளி. இடைக்கால இங்கிலாந்தின் தலையாய ஏற்றுமதிப் பொருள் கம்பளியே. ஃபிளாண்டர்ஸ் நாட்டு நெசவாளரும் இத்தாலிய வணிகரும் விரும்பி வாங்கிய கம்பளிகளுள் காட்ஸ்வோல்டுக் கம்பளி முன்வரிசையில் நின்றது. இங்கிலாந்தின் மேலவைத் தலைவர் இன்றும் கம்பளி திணித்த ஓர் இருக்கையின்மேல் அமர்கிறார் என்றால், அந்நாட்டின் செல்வம் எதன்மேல் அமர்ந்திருந்தது என்பதை அவ்விருக்கையே சொல்லிவிடும்.

சந்தைப்பேட்டை தானாக முளைப்பதன்று. நிலக்கிழார் ஒருவர் திட்டமிட்டுப் போடுவது. மன்னரிடம் பட்டயம் பெற்று, வாரத்தில் இன்ன நாள் சந்தை, ஆண்டில் இன்ன நாள் பெருஞ்சந்தை என்று நாட்டுவார். ஒரு தெருவை அகலமாக விடுவார். அதன் இருமருங்கும் முன்புறம் குறுகியும் பின்புறம் நீண்டும் செல்லும் மனைகளை அளந்து, ஆண்டுக்கு நிலையான வாடகைக்குக் கொடுப்பார். மனை வாங்கியவர் கிழாருக்கு உழுதுகொடுக்கவேண்டியதில்லை. விற்கலாம், வாங்கலாம், மகனுக்கு எழுதிவைக்கலாம். கிழாருக்கு வாடகையும் சந்தைச் சுங்கமும் வந்துகொண்டிருக்கும். பண்ணையடிமை முறை நிலவிய காலத்தில் சந்தைத் தெரு ஒரு மனிதனுக்குக் கொடுத்த மூச்சுவிடும் இடம் சிறிதன்று. சிப்பிங் காம்ப்டன், சிப்பிங் நார்ட்டன் என்னும் பெயர்களின் முன்னிற்கும் 'சிப்பிங்' என்பது சந்தையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. இன்றும் சிப்பிங் காம்ப்டனின் பெருந்தெருவில் நடந்தால், வில்போல் வளைந்து நடுவில் அகன்று செல்லும் தெருவின் அமைப்பிலேயே 12ஆம் நூற்றாண்டின் சந்தையைப் பார்க்கலாம்.

அத்தெருவில் வில்லியம் கிரெவல் என்னும் கம்பளி வணிகரின் வீடு நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. இரண்டு தளங்களிலும் உயர்ந்து நிற்கும் அதன் துருத்துச் சாளரம் அந்நாளில் பெருஞ்செல்வத்தின் அடையாளம். 1401இல் அவர் இறந்தார். தூய யாக்கோபு தேவாலயத்தில் அவர் கல்லறைமேல் பதித்த பித்தளைத் தகடு, இங்கிலாந்து முழுவதிலும் உள்ள கம்பளி வணிகர்க்கெல்லாம் மலர் போன்றவர் என்று அவரைப் புகழ்கிறது. தெற்கே நார்த்லீச் என்னும் ஊரின் தேவாலயத்தில் இத்தகைய பித்தளைத் தகடுகள் பல உள்ளன. கோமகன் கல்லறையில் காலடியில் சிங்கமோ நாயோ படுத்திருக்கும். இவ்வணிகர்களின் காலடியில் ஆடும் கம்பளி மூட்டையும் இருக்கின்றன. தாம் எதனால் உயர்ந்தோம் என்பதை மறைக்காத அந்நேர்மை பாராட்டத்தக்கது. 1458இல் மறைந்த ஜான் ஃபோர்ட்டி என்பவர் அத்தேவாலயத்தின் நடுமண்டபத்தை உயர்த்திக் கட்டுவதற்குப் பொருள் வைத்துச் சென்றவர்.

அந்த நார்த்லீச்சுக்கு இலக்கியத் தொடர்பும் உண்டு. இலண்டனில் வாழ்ந்த சீலி குடும்பத்தார் இங்கிருந்து கம்பளி வாங்கிக் கலே துறைமுகத்தில் விற்றவர்கள். 1472க்கும் 1488க்கும் இடையில் அக்குடும்பத்தார் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள், பின்னர் எழுந்த ஒரு வழக்கில் சான்றுகளாக நீதிமன்றத்தில் தங்கிவிட்டமையால் அழியாமல் கிடைத்தன. நார்த்லீச்சின் மிட்விண்டர் என்னும் தரகர் தமக்குச் சேரவேண்டிய பணத்திற்காக நெருக்குவது, கப்பல் வராத கவலை, பெண் பார்க்கும் செய்தி எல்லாம் அவற்றில் உள்ளன. 15ஆம் நூற்றாண்டில் நடுத்தர ஆங்கிலேயர் எப்படிப் பேசினார் என்பதை அறிய அவற்றைவிடச் சிறந்த ஆவணங்கள் மிகச் சிலவே. வழக்காடியவர்க்கு வரலாறு கடன்பட்டிருப்பது இப்படிச் சில வேளைகளில் நேர்ந்துவிடுகிறது.

காம்ப்டனுக்குத் திரும்பலாம். தெருவின் நடுவே தூண்கள்மேல் நிற்கும் சந்தை மண்டபம் 1627இல் கட்டப்பட்டது. கட்டியவர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ். இலண்டனில் பட்டும் வெல்வெட்டும் விற்று, மன்னர் முதலாம் ஜேம்சுக்கே கடன் கொடுத்தவர். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கோழியும் விற்க வரும் உழவர் மழையில் நனையாதிருக்கக் கட்டிய மண்டபம் அது. மேடுபள்ளமாகத் தேய்ந்த அதன் கல்தளத்தில் நின்று பார்த்தால் நான்கு நூற்றாண்டுக் காலடிகளை உணரலாம். 1940களில் அது கைமாறிப் போகும் நிலை ஏற்பட்டபோது ஊரார் நிதி திரட்டி மீட்டுத் தேசிய அறக்கட்டளையிடம் சேர்த்தனர். ஹிக்ஸ் 1612இல் ஏழை முதியோர் பன்னிருவர்க்குக் கட்டிய அறவீடுகள் இன்றும் அப்பணிக்கே பயன்படுகின்றன. அவர் தமக்கென்று கட்டிய மாளிகையோ 1645இல் உள்நாட்டுப் போரின்போது மன்னர் படையினராலேயே தீயிடப்பட்டது. அம்மாளிகையின் இரண்டு விருந்து மண்டபங்கள் எஞ்சின. இன்று அவை விடுமுறைக்கு வருவோர்க்கு வாடகைக்கு விடப்படுகின்றன. ஏழைக்குக் கட்டியது நின்றது, தமக்குக் கட்டியது எரிந்தது என்று கதை சொல்லும் ஆசை எவருக்கும் வரும். உண்மையில் போர்ப்படை அறவீட்டில் தங்கியிருந்தால் அதுவும் எரிந்திருக்கும்.

ஊருக்கு மேலே டோவர் குன்று இருக்கிறது. ராபர்ட் டோவர் என்னும் வழக்கறிஞர் 1612 அளவில் அங்கு ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடத்தத் தொடங்கினார். மற்போரும் ஓட்டமும் குதிரைப் பந்தயமும், ஒருவர் கணுக்காலை ஒருவர் உதைக்கும் ஒரு முரட்டு விளையாட்டும் அதில் இடம்பெற்றன. விளையாட்டே பாவம் என்று கருதிய தூய்மைவாதிகள் ஓங்கிவந்த காலத்தில் ஏழையும் செல்வரும் ஒரே மேட்டில் கூடி ஆடியது சிறிய செய்தியன்று. 1636இல் அவ்விழாவைப் போற்றிப் பென் ஜான்சன், மைக்கேல் டிரேட்டன் முதலிய புலவர் முப்பதின்மர்க்கு மேற்பட்டோர் பாடிய பாடல்கள் 'அன்னாலியா டுப்ரென்சியா' என்ற பெயரில் நூலாயின. விழாமலர் வெளியிடுவோர் தமக்கொரு முன்னோடியாக அதைக் கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பொதுநிலம் வேலியடைக்கப்பட்டபோது விழா நின்றது. 1951இல் மீண்டும் நடந்து, பின்னர் நிலைபெற்றது. இப்பொழுது மே இறுதியில் அல்லது சூன் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் நடைபெறுகிறது. கணுக்கால் உதையும் உண்டு. காற்சட்டைக்குள் வைக்கோல் திணித்துக்கொள்வர்.

வேலியடைப்பு என்ற சொல் வந்தமையால் நடைபாதைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பொதுமேய்ச்சல் நிலங்கள் சட்டத்தின் வாயிலாகப் பெருநிலக்கிழார் கைக்குச் சென்ற வரலாறு ஆங்கில நாட்டுப்புறத்தின் ஆறாத புண். ஆயினும் தேவாலயத்திற்கும் ஆலைக்கும் சந்தைக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த ஒற்றையடிப் பாதைகள் பல எஞ்சின. 1932இல் வடக்கே கிண்டர் ஸ்கௌட் மேட்டில் தொழிலாளர் அத்துமீறி நடந்து சிறை சென்றனர். 1949ஆம் ஆண்டுச் சட்டம் பொதுப்பாதைகள் அனைத்தையும் வரைபடத்தில் பதிவு செய்யுமாறு உள்ளாட்சிகளைப் பணித்தது. பாதை பதிவானபின் நிலம் எவருடையதாயினும் நடக்கும் உரிமை எல்லார்க்கும் உரியது. உழவர் பாதையின் குறுக்கே உழுதால் குறித்த நாளுக்குள் அதைச் சீர்செய்து தரவேண்டும். 25,000க்கு ஒன்று என்னும் அளவில் அரசு நிலவரைத் துறை வெளியிடும் படத்தில் இப்பாதைகள் பச்சைக் கோடுகளாகக் காணப்படும். களத்தில் மஞ்சள் அம்புக்குறி வழிகாட்டும். காம்ப்டனில் தொடங்கிப் பாத் நகரம் வரை 102 கல் செல்லும் காட்ஸ்வோல்டு நெடுவழியும் இத்தகைய பாதைகளைக் கோத்து அமைத்ததே.

ஒரு நாள் நடைக்கு மோர்ட்டன் ஊரின் அருகிலுள்ள செசின்கோட் தோட்டத்தின் வழியே செல்லும் பாதையைச் சொல்லலாம். ஓக் மரங்களும் ஆடுகளும் நிறைந்த ஆங்கிலச் சோலையின் நடுவே திடீரென்று பச்சை நிறத்தில் ஒரு மொகலாயக் குவிமாடம் எழுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் வங்காளத்தில் பெரும்பொருள் ஈட்டித் திரும்பிய சார்லஸ் காக்கரெல் என்பவர்க்காக, அவர் உடன்பிறந்த கட்டடக் கலைஞர் சாமுவேல் பெபிஸ் காக்கரெல் 1805 அளவில் கட்டிய வீடு அது. தோட்டத்தில் சூரியனுக்கு ஒரு சிறு கோயிலும், பாலத்தின்மேல் நந்திகளும் உண்டு. அவற்றை அமைக்க அறிவுரை கூறியவர் ஓவியர் தாமஸ் டேனியல்; உடன்பிறந்தார் மகன் வில்லியத்துடன் 1792இல் தென்னாட்டில் பயணம் செய்து தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் மாமல்லபுரத்தையும் வரைந்தவர். அவர் கண்ட நந்தி இங்கிலாந்தின் ஓடைப்பாலத்தில் அலங்காரப் பொருளாக அமர்ந்திருக்கிறது. வழிபடுவார் இல்லை; புகைப்படம் எடுப்பார் உண்டு.

இதற்குத் தெற்கே டேல்ஸ்ஃபோர்டு. வாரன் ஹேஸ்டிங்ஸின் முன்னோர் இழந்த பண்ணை அது. வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்து திரும்பிய ஹேஸ்டிங்ஸ் 1788இல் அதை மீண்டும் வாங்கினார். வீட்டை அமைத்தவரும் அதே காக்கரெல்தான். 1769 முதல் 1772 வரை சென்னைக் கோட்டையின் ஆட்சிக்குழுவிலும் அவர் இருந்தவர். எட்மண்ட் பர்க் முன்னின்று சாட்டிய குற்றங்களுக்காக 1788 முதல் 1795 வரை நாடாளுமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, விடுதலை பெற்று, 1818இல் இறந்து, அவ்வூர்த் தேவாலய முற்றத்தில் அடக்கமானார். காட்ஸ்வோல்டின் பொன்னிறத்தில் கம்பளியின் பொன் மட்டுமே இருக்கிறது என்று எண்ணுவோர் இவ்விரண்டு ஊர்களையும் பார்த்துவரவேண்டும்.

ஏனைய பேட்டைகளை விரைவாகக் கடக்கலாம். ரோமர் போட்ட ஃபோஸ் நெடுஞ்சாலை இக்குன்றுகளின் குறுக்கே நூல்பிடித்தாற்போல் ஓடுகிறது. அதன் மேலுள்ள சைரென்செஸ்டர் ரோமர் காலத்தில் இலண்டனுக்கு அடுத்த பெருநகரம். அருங்காட்சியகத்தில் உள்ள வண்ணக்கல் தளங்களுக்காகவே ஒரு நாளைச் செலவிடலாம். ஸ்டோ என்னும் மேட்டூரின் சதுக்கத்திற்கு ஆடுகளை ஒவ்வொன்றாக ஓட்டிவரப் பயன்பட்ட குறுகிய சந்துகள் இன்னும் உள்ளன. 1646 மார்ச்சில் முதல் உள்நாட்டுப் போரின் இறுதிச் சண்டை அவ்வூரருகே நடந்தது. டெட்பரியில் 1655ஆம் ஆண்டுச் சந்தை மண்டபம் பருத்த தூண்கள்மேல் நிற்கிறது. மோர்ட்டனில் செவ்வாய்தோறும் சந்தை கூடுகிறது. அங்கு இன்று ஆடு விற்பதில்லை, கைப்பையும் காலுறையும் விற்கின்றனர்.

பர்ஃபோர்டை மட்டும் அப்படிக் கடக்க இயலாது. விண்ட்ரஷ் ஆற்றை நோக்கிச் சரியும் அதன் தெருவின் அடியில் பெரிய தேவாலயம் உள்ளது. 1649 மே மாதத்தில், எல்லா மனிதர்க்கும் ஆட்சியில் பங்கு வேண்டும் என்று கிளர்ந்த படைவீரர் ஏறத்தாழ 340 பேரைக் கிராம்வெல் அத்தேவாலயத்தில் அடைத்துவைத்தார். ஞானஸ்நானத் தொட்டியின் ஈயத் தகட்டில் ஆண்டனி செட்லி என்னும் கைதி தன் பெயரையும் ஆண்டையும், தான் கைதி என்பதையும் கீறிவைத்தான். கைதி என்ற சொல்லில் எழுத்துப் பிழையும் உண்டு. 17ஆம் நாள் அவர்களுள் மூவர் தேவாலயச் சுவரருகே சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏனையோர் கூரைமேல் நின்று அதைக் காணும்படி செய்யப்பட்டனர். அதே தேவாலயத்தில் 1876இல் பழைய சுவர்களைச் சுரண்டிப் புதுக்குவதைக் கண்டு வில்லியம் மாரிஸ் வெகுண்டார். தம் தேவாலயத்தில் தலைகீழாக நிற்கவும் தமக்கு உரிமையுண்டு என்று குரு விடையளித்ததாகச் சொல்வர். மறு ஆண்டில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை மாரிஸ் நிறுவினார். பழையதைப் புதியதுபோல் ஆக்காதே, அன்றாடம் பேணி அழியாமல் காத்துக்கொள் என்பது அச்சங்கத்தின் கொள்கை. இன்று காட்ஸ்வோல்டு இப்படி இருப்பதற்கு அக்கொள்கை ஒரு காரணம்.

மற்றொரு காரணம் வறுமை. நெசவு ஆற்று விசையைத் தேடி ஸ்ட்ரௌட் பள்ளத்தாக்குகளுக்குச் சென்றது. பின் யார்க்‌ஷயரின் நீராவி ஆலைகள் அதையும் விழுங்கின. 1870களில் அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து குவிந்தபோது உழவும் சரிந்தது. பழையதை இடித்துப் புதியது கட்டப் பணமில்லை. எனவே எல்லாம் நின்றவாறே நின்றன. விருந்தினர் மெச்சும் இவ்வழகு பெரும்பகுதி கையில் காசில்லாமையின் கொடை என்பதை ஊர்மக்கள் நன்கறிவர்.

1902இல் காம்ப்டனில் வீடுகள் வெறுமையாகக் கிடந்தன, வாடகை மலிவு. அதை அறிந்து இலண்டனின் கிழக்குச் சேரியிலிருந்து சி. ஆர். ஆஷ்பி என்னும் கட்டடக் கலைஞர் தம் கைவினைஞர் குழாத்துடன் வந்திறங்கினார். 1888இல் அவர் நிறுவிய கைவினைக் கழகம் அது. வெள்ளித் தட்டார், தச்சர், கொல்லர், அச்சுக்கோப்பவர் ஏறத்தாழ ஐம்பதின்மர். குடும்பத்துடன் நூற்றைம்பதுபேர் அளவில். எந்திரத்தின் உறுப்பாகத் தேயாமல், தான் செய்யும் பொருளை முழுமையாகச் செய்து மகிழும் மனிதனை மீட்கவேண்டும் என்பது மாரிஸிடமிருந்து ஆஷ்பி பெற்ற கனவு. ஷீப் தெருவில் கைவிடப்பட்டுக் கிடந்த பட்டு ஆலை பட்டறையாயிற்று. பள்ளி தொடங்கினர், நீச்சல் குளம் வெட்டினர், நாடகம் நடித்தனர். ஊரார் முதலில் ஐயத்துடன் நோக்கினர். நகரத்தவர் வந்தமையால் வாடகை ஏறிற்று என்ற முணுமுணுப்பும் எழுந்தது.

கனவு ஆறாண்டுகளே நின்றது. பர்மிங்காம் ஆலைகள் கழகத்தின் வடிவங்களைப் போலச் செய்து மலிவாக விற்றன. இலண்டனில் வேலை குறைந்தால் கைவினைஞன் வேறொரு பட்டறைக்குச் செல்லலாம். காம்ப்டனில் செல்ல இடமில்லை. விற்காத பொருள் குவிந்தது. 1908இல் கழகம் கலைக்கப்பட்டது. வேறொரு குறையும் சொல்லவேண்டும். கழகத்தார் செய்த வெள்ளிக் கிண்ணத்தை வாங்கும் ஆற்றல் காம்ப்டன் உழவர் எவர்க்கும் இல்லை. உழைப்பை மேன்மைப்படுத்தும் பொருள் செல்வர் மேசைக்கே சென்றது. ஆஷ்பி இதை அறியாதவரல்லர். அறிந்தும் விடை காண இயலவில்லை.

பிராட் காம்ப்டனின் சிறப்பு இங்குதான் வருகிறது. அச்சிற்றூரில் பாழடைந்து கிடந்த 12ஆம் நூற்றாண்டு நார்மன் சிறுகோயில் ஒன்றை ஆஷ்பி 1905க்கும் 1907க்கும் இடையில் வீடாக மாற்றி அமைத்தார். அவ்வீட்டில் குடியேறியவர் ஆனந்த குமாரசுவாமி.

அவர் தந்தை சர் முத்துக்குமாரசுவாமி இலங்கைத் தமிழர், சட்டசபை உறுப்பினர், அரிச்சந்திரன் கதையை 1863இல் ஆங்கிலத்தில் தந்தவர், பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்திற்கும் தாய்மாமன். தாய் எலிசபெத் பீபி கெண்ட் பகுதியினர். 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்தர் இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்தார். இங்கிலாந்தில் தாயால் வளர்க்கப்பட்டு, காட்ஸ்வோல்டின் மேற்கு விளிம்பில் ஸ்டோன்ஹவுஸ் ஊரிலுள்ள வைக்ளிஃப் பள்ளியில் பயின்றார். முதலில் அவர் கற்றது கலையன்று, கல். நிலவியல் அறிஞராகி, இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைவராகி, 1904இல் தோரியனைட் என்னும் கனிமத்தைக் கண்டறிந்து உலகிற்குச் சொன்னார். கல் தேடிக் கண்டி நாட்டு ஊர்களில் அலைந்தவர் கண்ணில், இறக்குமதிப் பொருள்களின் முன் தோற்று மடியும் கைவினைகள் பட்டன. மனைவி எதெல் படம் பிடித்தார், ஆனந்தர் குறிப்பெழுதினார்.

1907இல் இருவரும் இங்கிலாந்து திரும்பினர். எதெலின் உடன்பிறந்தவர் ஆஷ்பியின் கழகத்தில் அணிகலன் செய்தவர். அத்தொடர்பே அவர்களைக் காம்ப்டனுக்குக் கொணர்ந்தது. மாரிஸ் தம் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் 1896இல் சாசர் நூலை அச்சிட்ட கையச்சுப் பொறி ஆஷ்பியின் எசெக்ஸ் இல்ல அச்சகத்திற்கு வந்திருந்தது. 1907 செப்டம்பர் முதல் 1908 டிசம்பர் வரை, ஏறத்தாழப் பதினைந்து மாதம், அப்பொறியில் ஆனந்தரின் நேர்ப்பார்வையில் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல் அச்சேறியது. 425 படிகள்.

இதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆங்கிலேயரின் வாணிகமும் ஆட்சியும் கீழை நாட்டுக் கைவினையை எவ்வாறு அழித்தன என்று உரைக்கும் நூல். அதை அச்சிட்டதோ, அதே ஆலைப் பொருளாதாரத்தால் அந்நூல் அச்சாகும் மாதங்களிலேயே அழிந்துகொண்டிருந்த ஓர் ஆங்கிலக் கைவினைக் கழகத்தின் அச்சகம். கண்டித் தட்டாரும் காம்ப்டன் தட்டாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவரையும் வீழ்த்திய கை ஒன்று. ஆட்சியாளர் இனம் என்றும் ஆளப்பட்டோர் இனம் என்றும் பிரித்து மட்டுமே வரலாற்றைப் படிப்பவர்க்கு இது விளங்காது. 1909இல் ஆனந்தர் வெளியிட்ட 'இந்தியக் கைவினைஞன்' என்னும் நூலுக்கு ஆஷ்பியே முன்னுரை எழுதினார். கண்டி நாட்டில் வினைஞர்க்குப் பணிக்கு ஈடாக நிலம் இருந்தது. விற்பனை குறைந்தாலும் சோறு இருந்தது. கழகம் கலைந்தபின் ஜோசப் ஃபெல்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் பிராட் காம்ப்டனில் 70 ஏக்கர் வாங்கிக் கைவினைஞர் சிலர்க்குப் பகிர்ந்தளித்த முயற்சியிலும் இவ்வெண்ணத்தின் சாயலைக் காணலாம். நிலம் போதவில்லை; நகரத் தட்டாருக்கு ஏர் பிடிக்கவும் எளிதில் வரவில்லை.

ஆனந்தரின் பார்வையிலும் ஓர் இடைவெளி உண்டு. தொழில் குலவழியே இறங்குவதில் அவர் கண்ட அமைதியை அக்குலப்படியின் கீழே நின்றவர் கண்டிருக்கமாட்டார். நெடுந்தொலைவிலிருந்து, அழிந்துகொண்டிருப்பதன்மேல் இரக்கம் கொண்டு நோக்கியவரின் கனிவு அது. எனினும் அவர் 1917இல் பாஸ்டன் அருங்காட்சியகத்திற்குச் சென்று, 1947இல் மறையும்வரை எழுதிய அனைத்திற்கும் வித்து இவ்விரண்டு ஊர்களில், கண்டியிலும் காம்ப்டனிலும், விழுந்தது என்று சொல்வதில் தவறில்லை. எதெல் பின்னர் ஆனந்தரைப் பிரிந்து, மைரெ என்ற பெயரில் கைத்தறி நெசவிலும் இயற்கைச் சாயத்திலும் இங்கிலாந்தின் பெரும் வழிகாட்டியானார்.

ஆஷ்பி வந்தபோது வெறுமையாகக் கிடந்த வீடுகளின் இன்றைய நிலை வேறு. இலண்டன் செல்வர் வார இறுதிக்கு வாங்கிய வீடுகளும் விடுமுறைக் குடில்களும் பெருகியுள்ளன. வெளிர்பச்சை வண்ணக் கதவு, வாசலில் ரோசாக் கொடி, உள்ளே ஆளில்லை. அவ்வூர்ப் பள்ளியில் கற்பிப்பவரும், முதியோரைப் பேணுபவரும், குடில்களைத் துப்புரவு செய்பவருமே தொலைவிலிருந்து வண்டியோட்டி வரவேண்டியிருக்கிறது. காம்ப்டனின் தொடர்வண்டி நிலையம் 1966இல் மூடப்பட்டது. அருகில் உள்ள நிலையங்களுள் ஒன்று மோர்ட்டன். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இரண்டாம் வீடு வைத்திருப்போர்மேல் இரு மடங்கு வரி விதிக்கும் உரிமை 2025 ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்குக் கிடைத்துள்ளது. இரு மடங்கு வரியைக் கண்டு அஞ்சும் செல்வர் எத்தனைபேர் என்பது வேறு. ஒரு வாரக் குடில் எடுத்துத் தங்குபவர் தம்மை இதற்கு வெளியே நிற்பவராகக் கருதிக்கொள்ள இயலாது. அவர் தரும் வாடகையால்தான் ரொட்டிக்கடையும் தேநீர்க்கடையும் நடக்கின்றன. அவர் தரும் அதே வாடகையால்தான் ரொட்டி சுடுபவர் அவ்வூரில் குடியிருக்க முடியவில்லை.

ஷீப் தெருவின் பட்டு ஆலையில் மாடிப்படி ஏறினால், ஆஷ்பியுடன் வந்த ஜார்ஜ் ஹார்ட்டின் வழியினர் இன்றும் வெள்ளி வேலை செய்யும் பட்டறையைக் காணலாம். நூற்றாண்டு கடந்த விற்பனைச் சீட்டுகள் கம்பியில் கோத்தபடி கூரையிலிருந்து தொங்குகின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. வருபவர் நின்று பார்க்கலாம்; சுத்தியல் ஓசை நிற்பதில்லை.